அனாயாசம்: பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் எழில் பற்றிய ஒரு நோக்கு

கலைத்திறன் ஒன்றைப் புகழ முற்படுவோர் பெரும்பாலும் ஒரு கருத்தையே நாடுவர். நாதசுரக் கலைஞரின் விரலோட்டமாயினும், நாட்டியம் பயின்றாள் ஒருத்தியின் அடவாயினும், துடுப்பாட்ட வீரனின் பந்தடியாயினும், "எவ்வளவு இலேசாகச் செய்துவிட்டார்!" என்பதே காண்போர் வாயில் முதலில் எழும் வியப்புரையாகும். இப்புகழுரை எளிதாகச் சொல்லப்படுவது. ஆயின் அதன் பொருள் எளிதன்று. இலேசாகச் செய்தல் என்பது முயற்சியின்மையா, முயற்சியின் மறைவா, அன்றி முயற்சியின் முதிர்வா? இவ்வினாவை ஆராய்வதற்கு மேடைக் கலைகளிலும் பார்க்க ஒரு மேசை விளையாட்டே தக்க களமாக அமைதல் கூடும். மேடைக் கலையில் எழில் இருந்ததா என்பதை இரசிகரின் மனமே தீர்மானிக்கின்றது. பில்லியர்ட்ஸ் மேசையிலோ பந்து குழியில் வீழ்ந்ததா என்பதை எவரும் மறுத்தல் இயலாது. எழிலும் பயனும் அருகருகே வைத்து அளக்கப்படும் இடம் அது.

இப்பண்பைக் குறிக்கத் தமிழில் வழங்குஞ் சொற்கள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. 'அனாயாசம்' என்பது ஆயாசம், அதாவது வருத்தம், இல்லாமையைக் குறிக்கும். 'இலாவகம்' என்பது 'லாகவம்' என்னும் வடசொல்லின் திரிபு. இலேசாதல், பாரமின்மை என்பன அதன் அடிப்பொருள். ஒன்று வருத்தத்தின் இன்மையைச் சொல்கின்றது. மற்றொன்று பாரத்தின் இன்மையைச் சொல்கின்றது. எழிலுடைய ஆட்டத்தில் எது உளது என்று இச்சொற்கள் கூறவில்லை. எது இல்லை என்றே கூறுகின்றன. சொற்களை ஆக்கி வழங்கிய முன்னோர் கண்ட இவ்வுண்மை, பில்லியர்ட்ஸ் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்குவார்க்குப் பலவாறாகத் தெளிவுறும்.

ஆட்டத்தை அறியாதார் பொருட்டு அதன் அமைப்பைச் சுருங்கக் கூறுதல் நன்று. முழு அளவான மேசை ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. கற்பலகையின்மீது கம்பளித்துணி இறுக விரிக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் இறப்பர் விளிம்பு. நான்கு மூலைகளிலும், நீளப்பக்கங்களின் நடுவிலுமாக ஆறு குழிகள். பந்தின் விட்டம் இரண்டு அங்குலத்திற்குச் சற்று மேற்பட்டது. ஆங்கில பில்லியர்ட்ஸ் ஆட்டம் மூன்று பந்துகளைக் கொண்டது. இலக்குப் பந்தைக் குழியில் வீழ்த்தலாம்; தன் பந்தை வேறொரு பந்திற் படவைத்துக் குழியுட் செலுத்தலாம்; தன் பந்து ஏனைய இரண்டையும் அடுத்தடுத்துத் தொடுமாறு செய்யலாம். மூன்றாவது வகை 'கனன்' எனப்படும். 'ஸ்னூக்கர்' ஆட்டத்தில் 22 பந்துகள் உள; சிவப்புப் பந்து ஒன்று, நிறப்பந்து ஒன்று என மாறிமாறி வீழ்த்திப் புள்ளி சேர்த்தல் வேண்டும். அமெரிக்காவிற் பெருவழக்காயுள்ள 'பூல்' என்னும் ஆட்டம் இவற்றிற் சிறிய மேசையில் நிகழ்வது. எல்லாவற்றிலும் ஆடுவோனுக்கு உரியது ஒரு கோல். அக்கோலால் அவன் தொடத்தக்கது ஒரே பந்து. ஏனைய பந்துகள் யாவும் அந்த ஒன்றின் வாயிலாகவே அவனுக்கு அடங்குகின்றன. கரம் பலகையில் விரலாற் சுண்டிப் பழகிய மாணவர் இவ்வமைப்பை எளிதில் உணர்வர்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோலின் நுனியில் தோல் பொருத்தும் முறையை மிங்கோ என்னும் பிரெஞ்சுக்காரர் பரப்பினார். தோலும் அதன்மீது பூசப்படும் சுண்ணமும் கோல் வழுக்குவதைத் தடுத்தன. அதனாற் பந்தின் நடுவை விட்டு மேலும் கீழும் பக்கமும் அடித்து அதற்குச் சுழற்சி கொடுத்தல் இயல்வதாயிற்று. 1835இல் கொரியோலிஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இப்பந்துகளின் இயக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து தனி நூலொன்றை வெளியிட்டார். சுழலும் பூமியில் காற்றும் நீரோட்டமும் நேர்வழியினின்று விலகுதலை விளக்குமிடத்து மாணவர் படிக்கும் கொரியோலிஸ் விளைவு இவர் பெயரால் வழங்குவதே. பொழுதுபோக்கென்று கருதப்பட்ட ஓர் ஆட்டம் பேரறிஞர் ஒருவரின் கருத்தைக் கவர்ந்தமை வியப்பன்று. பௌதிக விதிகள் இத்துணை வெளிப்படையாகத் தோன்றும் விளையாட்டுக்கள் சிலவே.

அவ்விதிகள் எழிலைப் பற்றிக் கூறுவது யாது? கோலின் நுனி பந்தைத் தொட்டிருக்கும் காலம் ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு கூறு. அக்கணத்தின் பின் பந்து கோலிலும் விரைவாக முன்னே சென்றுவிடுகின்றது. அதன்பின் ஆடுவோன் எதைச் செய்தாலும் பந்திற்கு அது தெரியாது. இதனை மனத்திற் கொண்டு ஆட்டக்காரரின் அடியைப் பார்ப்போர்க்கு ஓர் ஐயம் எழும். பந்து நீங்கிய பின்னரும் கோல் அதே நேர்கோட்டில் முன்னோக்கி வழுவழுப்பாகச் சென்று அடங்குகின்றதே, காண்போர் கண்ணுக்கு அழகின் உச்சமாகத் தோன்றுவது அதுவே அன்றோ? பந்தைப் பாதிக்கும் ஆற்றல் இல்லாத அவ்வசைவினாற் பயன் யாது?

இதற்கு விடை, அவ்வசைவு காரணம் அன்று, சான்று என்பதே. பந்தைத் தொடும் கணத்திலும் கோல் தயக்கமின்றி ஆர்முடுகிச் சென்றதாயின், தொட்ட பின்னர் அது உடனே நிற்றல் இயலாது. இயல்பாகவே முன்னே செல்லும். தொடுதற்கு முன்னரே அச்சத்தாற் கை பின்வாங்கியிருந்தால், கோல் அமர்முடுகி, முன்சென்ற வேகம் இழந்து, நுனி விலகும். ஆகவே தொடுகைக்குப் பிந்திய எழில், தொடுகைக்கு முந்திய துணிவின் நிழலாகும். நிழலைப் பற்றிப் பொருளைப் பெற முயலும் இளைஞர் பலர் உளர். அவர் பந்தை அஞ்சி அடித்துவிட்டு, அடித்த பின் கோலை நீள நீட்டி நிற்பர். புகைப்படத்திற்கு அது பேராட்டக்காரரின் அடியாகவே தோன்றும். பந்து மட்டும் ஏமாறுவதில்லை.

இனி, அடியின் முற்பகுதியை நோக்குதல் வேண்டும். முன்கை மேசைமீது ஊன்றிக் கோலுக்குப் பாலமாகின்றது. பின்கையின் முழங்கைக்குக் கீழ்ப்பட்ட பகுதி ஊஞ்சல் போலத் தொங்கி ஆடுகின்றது. தலை அசையாது நிற்கின்றது. கோலைப் பிடிக்கும் விரல்கள் அதனை நெரிப்பதில்லை. கோல் நழுவாதிருத்தற்கு வேண்டிய அளவே பற்றியிருக்கும். கோல் பின்னே சென்ற எல்லையிற் சிறிது தரித்து, பின் படிப்படியாக வேகங்கொண்டு முன்னே வருகின்றது. பயிற்சி நூல்கள் இவற்றை விதிகளாக எழுதும். ஆயின் இவ்விதிகளுட் பெரும்பாலானவை விலக்குகளாகவே இருத்தலைக் காண்க: தலை அசையற்க, தோள் எழற்க, பிடி இறுகற்க, பின்னெல்லையிற் பதறற்க. நேரான அடி என்பது எதையேனும் சேர்த்துப் பெறுவதன்று. கோலை நேர்வழியினின்று விலக்கும் அசைவுகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பெறுவது. அனாயாசம், இலாவகம் என்னும் சொற்கள் இன்மையையே பொருளாகக் கொண்டமை எத்துணைப் பொருத்தம் என்பது இவ்விடத்து விளங்கும்.

நீக்குதல் ஏன் இத்துணை இன்றியமையாதது என்பதை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். அடிக்கப்படும் பந்திற்கும் இலக்குப் பந்திற்கும் இடையே 3 அடித் தூரம் உளதெனக் கொள்க. நேருக்கு நேர் அடிக்க எண்ணியவனின் பந்து ஒரு பாகை மட்டும் வழி விலகினால், இலக்குப் பந்து ஏறத்தாழ 17 பாகை விலகி ஓடும். பந்தின் உருண்டை வடிவு சிறு பிழையைப் பதினேழு மடங்காக்கிக் காட்டுகின்றது. முழங்கையின் ஒரு சிறு துடிப்பு, கண்ணிமைப்போது தலை எழுதல், விரலின் ஓர் இறுக்கம் என்பன காண்போர் கண்ணுக்குத் தோன்றா. மேசையின் மறுகோடியில் அவை குழியின் பக்கவாயில் மோதித் திரும்பும் பந்தாகத் தோன்றும். எனவே எழில் என்பது இவ்வாட்டத்திற் பூச்சூடல் போன்றதோர் அலங்காரம் அன்று. பிழை பெருகும் இடத்தில் பிழைக்கு இடங்கொடாத உடலின் தோற்றமே அது.

நேர்மைக்கு அடுத்தது அளவு. நடுவில் அடிபட்ட பந்து முதலிற் சறுக்கிச் சென்று, துணியின் உராய்வினாற் படிப்படியாக உருளத் தொடங்குகின்றது. முற்றாக உருளும் நிலையை எய்தும்போது தொடக்க வேகத்தின் ஏழில் ஐந்து கூறே எஞ்சும். நடுவிற்கு மேலே ஆரையின் ஐந்தில் இரண்டு கூறு உயரத்தில் அடிபட்டாற் சறுக்கலின்றி முதற் கணத்திலிருந்தே உருளும். நடுவிற்குக் கீழே அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றபடியே முன்செல்லும். இலக்குப் பந்தை முழுமையாக மோதியவுடன் தன் முன்வேகத்தை அதற்கு ஈந்துவிட்டு, எஞ்சிய சுழற்சியாற் பின்னோக்கி வரும். இவை யாவும் இயல்வது, அடியின் வேகத்தையும் உயரத்தையும் ஆடுவோன் தன் விருப்பப்படி அளந்து கொடுத்தாலன்றோ? வலிந்து அடிப்பவனிடம் இவ்வளவை எதிர்பார்த்தல் இயலாது. தசைகளை இறுக்கிப் பிடித்தவன் கூட்டவும் குறைக்கவும் வழியற்றவனாகின்றான். தளர்ந்த கையே அளவறியும் கை. புதியவன் பேரொலியுடன் அடித்தும் பந்து சோர்ந்து வர, முதிர்ந்தவன் தட்டியதும் தெரியாமல் அடித்த பந்து மேசை முழுவதும் ஓடி மீள்வது இதனாலாகும். அவ்வாட்டக்காரனிடம் மறைபொருளான வலிமை ஏதும் இல்லை. இருந்த வலிமை சிதறவில்லை, அவ்வளவே.

இதுகாறும் கூறியது ஓர் அடியின் எழில். ஆயின் ஓர் அடியை மட்டும் வைத்து ஆட்டக்காரனை மதிப்பிடுதல், ஒரு சொல்லை வைத்துப் புலவனை மதிப்பிடுதல் போலாகும். பந்தை வீழ்த்தியபின் தன் பந்து எங்கே சென்று நிற்கின்றது என்பதே பேராட்டத்தின் உரைகல். அது தக்க இடத்தில் நின்றால் அடுத்த அடி எளிது, அதற்கடுத்ததும் எளிது. அவ்வாறு ஆடுவோனைக் காண்பார், "இவனுக்கு எளிய பந்துகளே வாய்க்கின்றனவே" என்பர். வாய்த்தது ஒன்றுமில்லை, ஒவ்வோர் எளிமையும் அதற்கு முந்திய அடியில் ஆக்கப்பட்டது. கையின் இலாவகத்திலும் பெரியது இந்தக் கருத்தின் இலாவகம். அது கண்ணுக்குத் தோன்றாதாகலிற் பெரும்பாலும் புகழப்படுவதில்லை.

இவ்விலாவகத்தின் உச்சத்தையும், அந்த உச்சத்தில் நேர்ந்த ஒரு முரணையும் அவுஸ்திரேலியரான வோல்ட்டர் லின்ட்றம் வாழ்விற் காணலாம். 1898இற் பிறந்த அவர் சிறுவயதில் நேர்ந்த விபத்தில் வலக்கைச் சுட்டுவிரலின் நுனியை இழந்தார். அதனால் இடக்கையால் ஆடப் பயின்றார். 1932 சனவரியில் இலண்டன் மாநகரில் ஜோ டேவிசுக்கு எதிரான ஆட்டத்தில் ஒரே தொடரில் 4,137 புள்ளிகள் பெற்றார். மூன்று பந்துகளையும் விளிம்போரமாக ஒன்றையொன்று அணைந்திருக்கச் செய்து, அவற்றை மயிரிழையளவே நகர்த்திக் கனன்களை அடுக்கிக்கொண்டு செல்லும் நுட்பத்தில் அவருக்கு நிகராயினார் இலர். தேவையற்றதை நீக்குதலே எழிலெனின், அசைவையே ஏறத்தாழ நீக்கிவிட்ட அவ்வாட்டம் எழிலின் முடிவாதல் வேண்டும். ஆயின் நிகழ்ந்தது வேறு. முடிவின்றி நீளும் அத்தொடர்கள் பார்வையாளரைக் களைப்படையச் செய்தன. குறித்த அளவு புள்ளிகளுக்கு ஒருமுறையேனும் பந்து மேசையின் தலைப்பக்கக் கோட்டைக் கடந்து மீளல்வேண்டும் என்று விதி இயற்றப்பட்டது. லின்ட்றம் 1933இலும் 1934இலும் உலக வாகையைச் சூடினார். அதன்பின் 1951 வரை அப்போட்டியே நடைபெறவில்லை. மக்கள் ஸ்னூக்கர் பக்கம் திரும்பினர்.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு திருத்தம் பெறப்படுகின்றது. வருத்தமின்மை எழிலுக்கு வேண்டப்படுவது உண்மை. ஆயின் காண்போன் அதனை எழிலென உணர்தற்கு, வருந்தற்குரியதொன்று எதிரே நிற்றல் வேண்டும். பாரத்தைத் தூக்குவோன் இலேசாகத் தூக்கும்போதே இலாவகம் தோன்றும். பாரமே இல்லாதவிடத்து இலாவகமும் தோன்றாது. லின்ட்றமின் கனன்களில் அரிய கடினம் உண்டு; ஆயின் அது மேசைக்கு அருகில் நின்றார்க்கே புலப்படும் கடினம். அவரது திறன் குறைவுபட்டது என்று கூறுதல் பிழை. திறனுக்கும் காண்போர்க்கும் இடையே இருந்த பாலம் முறிந்தது என்பதே தகும்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு வட அயர்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஹிக்கின்ஸ். 1972இலும் 1982இலும் உலக ஸ்னூக்கர் வாகை சூடிய அவர், மேலே கூறிய விலக்குகளுட் பலவற்றை மீறியவர். அடிக்கும் வேளையில் அவர் தலை எழும், உடல் திரும்பும். 1982இல் ஷெபீல்ட் நகரில் ஜிம்மி வைற்றுக்கு எதிரான அரையிறுதியில், தோல்வியின் விளிம்பில், 59 புள்ளிகள் பின்தங்கிய நிலையில், 69 புள்ளிகள் கொண்ட தொடர் ஒன்றை ஆடித் தப்பினார். அத்தொடரிற் பந்து தக்க இடத்தில் நில்லாமற் போதலும், நம்பவியலாத அடியொன்றால் அவர் மீளுதலும் மாறிமாறி நிகழ்ந்தன. இன்றும் ஸ்னூக்கர் அன்பர்கள் வியந்து பேசுந் தொடர்களுள் அது ஒன்று. எழில் பயனுக்கு இன்றியமையாததாயின் ஹிக்கின்ஸ் வென்றது எவ்வாறு என்னும் தடை இங்கே எழுகின்றது.

தடைக்கு விடை இரு பகுதியாகும். முதலாவது, அவரது உடல் அசைந்தும், தொடுகின்ற அந்த ஆயிரத்தொரு கூற்றுக் கணத்திற் கோல் நேராகவே சென்றது. இன்றேற் பந்து வீழ்ந்திராது. பிலிப்பைன் நாட்டுப் பூல் ஆட்டக்காரரான எவ்ரென் ரேயஸ் என்பாரிடமும் இதனைக் காணலாம். அவரது கோல் அடிக்குமுன் தளர்ந்த மணிக்கட்டிற் சுழன்று அலையும். அடிக்குங்கால் நேர்மை வந்துவிடும். ஆகவே பாணி வேறு, எழிலின் சாரம் வேறு எனப் பகுத்தறிதல் வேண்டும். பாணி ஆளுக்கு ஆள் மாறும். தொடுகைக் கணத்தின் நேர்மை மாறாது. இரண்டாவது, ஹிக்கின்ஸ் ஆட்டத்தில் மக்கள் கண்டு களித்தது அனாயாசத்தை அன்று, ஆபத்திலிருந்து மீளும் வீரத்தை. அதுவும் ஓர் அழகே. ஆனால் ஆபத்து வாராமற் காப்பவன், வந்தபின் மீள்பவனிலும் தாழ்ந்தவன் அல்லன். கரைகாணாப் புயலில் ஓடத்தைக் காத்த மீகாமனுக்குப் புகழ் கிடைக்கின்றது; புயலை முன்னறிந்து துறையிலே தங்கியவனைப் பாடுவார் இலர். திறனாய்வாளன் கடமை, பாடப்படாத அவனையும் கண்டு சொல்லுதல்.

இவ்விரு அழகும் ஒருங்கே அமைந்த அரிய காட்சி 1997 ஏப்பிரில் 21ஆம் நாள் அதே ஷெபீல்ட் அரங்கில் நிகழ்ந்தது. றொனி ஓ'சலிவன் அன்று 15 சிவப்புப் பந்துகளையும், ஒவ்வொன்றின் பின்னும் கரும்பந்தையும், ஈற்றில் ஆறு நிறப்பந்துகளையும் வீழ்த்தி 147 புள்ளிகள் பெற்றார். அதற்கு எடுத்த நேரம் முன்னர் 5 நிமிடம் 20 செக்கன் எனக் குறிக்கப்பட்டுப் பின்னர் 5 நிமிடம் 8 செக்கன் எனத் திருத்தப்பட்டது. அடிகள் 36, அடிக்கு ஏறத்தாழ ஒன்பது செக்கன். மேசையைச் சுற்றி நடத்தல், குனிதல், நோக்குதல், அடித்தல் யாவும் அதற்குள் அடங்கும். எனினும் அதிற் பதற்றம் தோன்றவில்லை. பதற்றம் என்பது செயலின் வேகத்திற்குக் கருத்து ஈடுகொடாமையால் விளைவது. அங்கே ஒரு பந்து வீழுமுன்னரே கருத்து அடுத்த பந்திற்கு வழி சமைத்துவிட்டது. கால்கள் அதனைப் பின்தொடர்ந்தன. விரைவு தெரிந்தமையாற் காண்போர்க்குக் கடினமும் தெரிந்தது. கடினம் தெரிந்தமையால் அனாயாசமும் தெரிந்தது. லின்ட்றமிடம் முறிந்த பாலம் இங்கே இணைந்தது எனலாம்.

அனாயாசம் தவறாகப் பொருள்கொள்ளப்படுதலும் உண்டு. அதற்கு முந்திய ஆண்டு, 1996இல், ஓ'சலிவன் உலகப் போட்டியொன்றில் கனடா நாட்டவரான அலன் றொபிடோவுக்கு எதிராகச் சில அடிகளை இடக்கையால் அடித்தார். எதிராளி அதனைத் தம்மை இகழ்ந்த செயலாகக் கொண்டார். இரு கையும் வசப்பட்டிருந்தமையாற் செய்யக்கூடியதாயிருந்த ஒன்று, மற்றவர் கண்ணுக்கு மதியாமையாகப் பட்டது. வருத்தம் தோன்றாத இடத்தில் உழைப்பும் இல்லை, மதிப்பும் இல்லை என மக்கள் எண்ணிவிடுகின்றனர்.

இவ்வெண்ணமே கல்வித்துறையிற் பெருந்தீங்கு விளைப்பது. ஒருவன் இலேசாகச் செய்வதைக் கண்டவுடன் "அது அவனுக்குப் பிறவிப் பேறு" என்று கூறி முடித்தல் எளிது. புகழ்ச்சி போலத் தோன்றும் அவ்வுரை, செய்தவனின் உழைப்பை மறைக்கின்றது. செய்யாதவனின் சோம்பலுக்குச் சாக்காகின்றது. ஜோ டேவிசின் வாழ்வு இதற்கு மறுமொழி. 1927 முதல் 1946 வரை உலக ஸ்னூக்கர் வாகையை 15 முறை சூடி, அப்போட்டியில் ஒருமுறையேனும் தோல்வியுறாது விலகியவர் அவர். அவரது வலக்கண் பார்வை குறைந்தது. அதனாற் கோலை இடக்கண்ணின் நேர்கீழே அமைத்து ஆடும் முறையைத் தமக்கென வகுத்துக்கொண்டார். 1955 சனவரியில், ஐம்பத்து மூன்றாவது வயதில், இலண்டனில் வில்லி ஸ்மித்துக்கு எதிராக ஆடி 147 புள்ளிகளை முழுமையாகப் பெற்றார். குறையுடைய கண்ணும் நுனியிழந்த விரலும் இவ்வாட்டத்தின் இரு பேராசான்களுக்கு வாய்த்தமை சிந்திக்கற்பாலது. இயற்கை அவர்களுக்கு இலேசாக எதையும் கொடுத்துவிடவில்லை.

எனினும் உழைப்பை மட்டும் கூறி அமைதலும் முழு உண்மையன்று. டேவிசின் தந்தையார் நடத்திய விடுதியில் ஒரு மேசை இருந்தது. லின்ட்றமின் தந்தையும் தமையனும் ஆட்டக்காரர்களாக இருந்தனர். உழைப்பதற்கு இடம் வாய்த்தோரே உழைத்தனர். கீழைத்தேய வரலாறும் இதனையே காட்டும். ஸ்னூக்கர் ஆட்டம் தோன்றிய இடம் இங்கிலாந்து அன்று; 1875இல் இந்தியாவின் ஜபல்பூரிற் பிரித்தானியப் படை அதிகாரிகள் அதனை உருவாக்கினர். அதன் விதிகள் எழுத்துருப் பெற்றது நீலகிரியிலுள்ள உதகமண்டலக் கழகத்தில், 1882இல். தமிழ்நாட்டு மலையொன்றின்மேல் விதிகள் வகுக்கப்பட்டும், கழக உறுப்பினர்க்கு உரிய அம்மேசை மலையடிவாரத்து மக்களுக்கு எட்டாததாகவே இருந்தது. பாரமான கற்பலகையும் பெரிய மண்டபமும் வேண்டும் ஓர் ஆட்டம் வறியோர் முற்றத்தில் முளைத்தல் அரிது. ஆயினும் மேசை எட்டிய இடத்திற் கை தாழ்ந்ததில்லை. 1958இல் இந்தியரான வில்சன் ஜோன்ஸ் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் வாகையைச் சூடினார். 1973இற் பம்பாயில் அதே வாகையைச் சூடிய எம். ஜே. எம். லாபிர் இலங்கையர். சிறிய தீவொன்றிலிருந்து சென்று உலக முதன்மை எய்திய அவரது பெயர், இவ்வாட்டத்தின் மேசையையே கண்டிராத மாணவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

முடிவாகத் தொகுத்து நோக்கின், எழிலுடைய அடிக்கு மூன்று நிலைகள் உள. உடலின் வீணசைவுகள் நீங்குதல் முதல்நிலை. வலிமையை அளந்து கொடுத்தல் இரண்டாம் நிலை. வரப்போகும் கடினத்தை முன்னறிந்து தவிர்த்தல் மூன்றாம் நிலை. முதலாவதைக் கண்ணாற் காணலாம். இரண்டாவதைப் பந்தின் ஓட்டத்தால் உய்த்துணரலாம். மூன்றாவதை ஆட்டம் அறிந்தாரே அறிவர். புகழோ பெரும்பாலும் முதலாவதற்கே சென்று சேர்கின்றது. அதனாற்றான் மாணவர் வெளித்தோற்றத்தைப் பின்பற்றத் தலைப்படுகின்றனர். நல்ல கட்டுரையின் நடையை மட்டும் கடன்வாங்கி எழுதுவோனும், பேராசிரியரின் பேச்சோசையை மட்டும் போன்மை செய்வோனும், அடித்தபின் கோலை நீட்டி நிற்கும் இளைஞனுக்கு உடன்பிறந்தோரே.

எழில் மரத்தின் கனி, அது விதையன்று. கனியைக் கொண்டுவந்து கிளையிற் கட்டினால் மரம் காய்த்ததாகாது. ஆசிரியன் மாணவனிடம் "அழகாகச் செய்" என்று கூறுவதிற் பயனில்லை. "இந்த அசைவு வேண்டாதது, இதனை நீக்கு" என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகக் காட்டுதலே பயனுடையது. நீக்கத்தக்கன யாவும் நீங்கிய ஒருநாள், அவனை அறியாமலே அவன் கை இலேசாகும். அன்று காண்போர் அதனைப் பிறவிப் பேறு என்பர். மாணவனும் அதனை நம்பாதிருத்தலே அவன் பெற்ற பயிற்சிக்குச் செய்யும் நன்றி.